இதை எந்தக் கேமரா எடுத்துச்சு?

இன்றைய எபிசோடை ஒரு மன்னிப்போடு தொடங்குகிறேன்.

2025 மே 8, ராத்திரி. ஆபரேஷன் சிந்தூர் தொடங்கி இரண்டாவது நாள். அம்பத்தூரில் என் ரூமில் தூக்கம் வராமல் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வீடியோ வந்தது. வானத்தில் ஒரு போர் விமானம், பின்னாலேயே ஒரு ஏவுகணை, அப்புறம் ஒரு நெருப்புப் பந்து. "நம்ம விமானம் போயிடுச்சு" என்று மேலே எழுதியிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. "உண்மையா?" என்று கேட்டு ஃபேமிலி குரூப்பில் தட்டிவிட்டேன். ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டால் பொறுப்பு நம்முடையது இல்லை என்று ஒரு நினைப்பு, இல்லையா?

அந்தக் குரூப்பில் ஆவடிப் பெரியப்பா இருக்கிறார். டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர் வீட்டு மாடியில் ஒரு அக்கா குடியிருக்கிறார். அக்காவின் கணவர் விமானப்படையில் டெக்னீஷியன். அப்போது வடக்கே ஒரு தளத்தில் போஸ்டிங். பெரியம்மா என் வீடியோவை அக்காவிடம் காட்டிவிட்டார். அக்கா கணவருக்குப் போன் போட்டால், ஸ்விட்ச் ஆஃப். அப்புறம் அந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை.

பதினொன்றரை மணிக்குப் பெரியப்பா கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏன்டா, இதை எந்தக் கேமரா எடுத்துச்சு?"

"யாராவது எடுத்திருப்பாங்க பெரியப்பா."

"யாராவதுன்னா? அவ்ளோ உயரத்துல, அந்த விமானத்தைச் சுத்திச் சுத்தி வந்து எடுக்கறதுக்கு அங்க யாருடா நின்னுட்டிருந்தாங்க?"

அது ஒரு வீடியோ கேம் காட்சி. அந்த நாலு நாளில் இப்படிப் பல கேம் காட்சிகள் போர்க்காட்சி என்று நாடு முழுக்கச் சுற்றின. பி.ஐ.பி.யின் ஃபேக்ட் செக் பிரிவு ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டிருந்தது. அக்காவின் கணவர் மறுநாள் காலையில் பேசிவிட்டார். நலமாக இருந்தார். ஆனால் அந்த ஒரு ராத்திரியை நான் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

பெரியப்பாவின் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. நிஜமாகவே ஒரு விமானச் சண்டை நடக்கும்போது அதை யார் படம் எடுக்கிறார்கள்? எங்கிருந்து? அந்தப் படத்தை எவ்வளவு நம்பலாம்? இன்றைய எபிசோட் இதைப் பற்றித்தான்.

நான் வளர்ந்த பக்கம் அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி. சின்ன வயதில் பெரியப்பா வீட்டுக்குப் போகும்போது ரோட்டோரம் நீளமான மதில் வரும். மதில் நெடுக "புகைப்படம் எடுக்கக் கூடாது" என்று போர்டு. டேங்க் ஃபேக்டரி ஒரு பக்கம், விமானப்படை நிலையம் ஒரு பக்கம், சி.வி.ஆர்.டி.இ. ஒரு பக்கம். டேங்க் ஆராய்ச்சி செய்யும் அந்த சி.வி.ஆர்.டி.இ.தான் தேஜஸ் போர் விமானத்துக்கு ஒரு முக்கியமான கியர்பாக்ஸையும் வடிவமைத்தது. பறக்கிற விமானத்தின் ஒரு உறுப்பு நம்ம ஆவடியில் பிறந்தது. ஆனால் நாங்கள் பார்த்ததெல்லாம் மதிலும் போர்டும்தான்.

வெளியே நிற்கும் நமக்குத்தான் கேமராவுக்குத் தடை. உள்ளே விமானத்துக்குக் கேமரா கட்டாயம். அதற்கு நூறு வருடத்துக்கு மேல் கதை இருக்கிறது.

முதலாம் உலகப் போருக்குப் போவோம். அப்போது ஒரு பைலட் "நான் ஒரு எதிரி விமானத்தை வீழ்த்தினேன்" என்று சொன்னால் எப்படி நம்புவார்கள்? கூடப் பறந்தவர் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் கீழே இருந்த படைவீரர் யாராவது பார்த்திருக்க வேண்டும். கொல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய் 1918 ஜூலையில் பதின்மூன்று நாளுக்குள் பத்து வெற்றிகள் பெற்றார். அதில் இரண்டு மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டவை. ஜூலை 22-ல் அவரே வீழ்த்தப்பட்டு இறந்தார். வயது 19. அந்தப் பத்து என்ற கணக்குக்குப் பின்னால் ஒரு புகைப்படமும் இல்லை. எல்லாம் அறிக்கையும் சாட்சியும்தான்.

அதே காலத்தில் பிரிட்டிஷ்காரர்கள் ஒரு விநோதமான கேமராவைச் செய்தார்கள். பேர் ஹைத் கன் கேமரா. பார்க்க அச்சு அசல் லூயிஸ் மெஷின் கன் மாதிரியே இருக்கும். விசையை இழுத்தால் குண்டு வராது, ஒரு படம் விழும். படத்தின் மேல் வட்டங்களும் கோடுகளும் பதிந்திருக்கும். தரையிறங்கியதும் ஃபிலிமைக் கழுவிப் பார்த்து, "நீ சுட்டிருந்தா குண்டு இங்க போயிருக்கும், விமானம் அங்க இருந்திருக்கும்" என்று வாத்தியார் சொல்லுவார். கவனியுங்கள், இந்தக் கேமரா பெருமை பேசுவதற்காக வரவில்லை. தப்பைக் காட்டுவதற்காக வந்தது.

இரண்டாம் உலகப் போரில் அது நிஜத் துப்பாக்கியோடு சேர்ந்துகொண்டது. பிரிட்டிஷ் விமானங்களில் ஜி 45 என்ற சின்னக் கேமரா இருந்தது. 16 மி.மீ. ஃபிலிம். பைலட் விசையை அழுத்தினால் துப்பாக்கியும் சுடும், கேமராவும் ஓடும். விசையை விட்டால் கேமராவும் நின்றுவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். கேமராவுக்குத் தனிப் பார்வை கிடையாது. மூக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் அதுவும் பார்க்கும். சுடுகிற சில நொடிகள் மட்டும்தான் அதற்குக் கண் திறக்கும்.

ஃபிலிம் கைக்கு வந்ததும் ஒரு கணக்குப் போடுவார்கள். பள்ளிக்கூட ஜியோமெட்ரிதான். எதிரி விமானத்தின் இறக்கை நீளம் தெரியும். சேபர் ஜெட் என்றால் சுமார் 37 அடி. படத்தில் அது எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று அளந்தால், சுடும்போது எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். படத்தில் பாதி அளவு என்றால் தூரம் இரண்டு மடங்கு. "ரொம்பப் பக்கத்துல போய் அடிச்சேன் சார்" என்று கதை விட முடியாது. ஸ்கேல் சொல்லிவிடும்.

தூரம் என்ன செய்யும் என்று எனக்கு 2024 அக்டோபர் 6-ல் மெரினாவில் புரிந்தது. விமானப்படை சாகச நிகழ்ச்சி. அம்பத்தூரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே போனேன். அந்த வெயிலில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அதை ஒரு வரியில் கடந்து போகக் கூடாது, தனியாகப் பேச வேண்டிய விஷயம். தேஜஸ் தலைக்கு மேல் போனபோது நானும் போனைத் தூக்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நீல வானத்தில் ஒரு எறும்பு.

ஜெட்டுக்குப் பக்கத்தில் பறந்து எடுக்கும் அழகான படங்களும் இருக்கின்றன. 2024 ஆகஸ்டில் கோவை பக்கம் சூலூரில் தரங் சக்தி கூட்டுப் பயிற்சி நடந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் வந்தன. இந்த மாதிரிப் பயிற்சிகளில் நாலு நாட்டு விமானங்கள் வரிசையாகப் பறக்கும் படங்கள் வரும். அவை எல்லாரும் பேசிவைத்து, ஒரே வேகத்தில், ஒரே உயரத்தில் பறந்து எடுப்பவை. கல்யாண குரூப் போட்டோ மாதிரி. சண்டையில் யாரும் போஸ் கொடுப்பதில்லை.

சரி, சண்டைக்கு வருவோம்.

1965 செப்டம்பர் 3. ஜம்மு காஷ்மீர், சம்ப் பகுதி. ட்ரெவர் கீலர் ஒரு நாட் விமானத்தில் போய் பாகிஸ்தான் சேபர் ஒன்றைச் சுட்டார். சேபர் அடிபட்டு, சரிந்து கீழே போனது. சுதந்திர இந்தியாவின் முதல் வான்சண்டை வெற்றி என்று நாடே கொண்டாடியது. அவருக்கு வீர் சக்ரா. ஆனால் அந்தச் சேபரை ஓட்டிய யூசுஃப் அலி கான் பலமாக அடிபட்ட விமானத்தை எப்படியோ சமாளித்துத் தன் தளத்தில் இறக்கிவிட்டார் என்கிறது பாகிஸ்தான் தரப்பு. அப்போ கீலர் பொய் சொன்னாரா? இல்லை. அவர் சுட்டது உண்மை, பட்டது உண்மை, சேபர் சரிந்ததைப் பார்த்ததும் உண்மை. அதற்கப்புறம் அது என்ன ஆனது என்பதுதான் அவர் பார்வைக்கு வெளியே நடந்தது.

அந்தப் பக்கமும் இதே கதைதான். நாலு நாள் கழித்து, செப்டம்பர் 7-ல், சர்கோதா அருகே எம்.எம். ஆலம் ஒரு நிமிடத்துக்குள் ஐந்து இந்திய ஹன்டர் விமானங்களை வீழ்த்தினார் என்று பாகிஸ்தான் சொன்னது. அங்கே பாடப்புத்தகக் கதை மாதிரி ஆகிவிட்டது. இந்தியத் தரப்புப் பதிவுகள் அந்த ஐந்தை ஏற்கவில்லை. பாகிஸ்தானிலேயே ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரிகள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில், உயிர்பயத்தில், அரை நொடி பார்த்ததை வைத்து எண்ணினால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். எந்த நாடாக இருந்தாலும்.

இப்போ இந்திய விமானப்படை வரலாற்றின் புகழ்பெற்ற கன் கேமரா படங்களுக்கு வருவோம். 1971 நவம்பர் 22. போர் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது டிசம்பர் 3-ல்தான். அதற்குப் பதினொரு நாள் முன்னாடியே கிழக்கு எல்லையில் சண்டை மூண்டுவிட்டது. போய்ரா என்ற இடத்தில் பாகிஸ்தான் சேபர்கள் வந்து தாக்கிக்கொண்டிருந்தன. 22-வது ஸ்குவாட்ரனின் நாட் விமானங்கள் சில கொல்கத்தா டம் டம்முக்கு அனுப்பப்பட்டு அங்கே தயாராக இருந்தன. அன்று காலையில் இரண்டு முறை கிளம்பிப் போனார்கள். இரண்டு முறையும் இவர்கள் போய்ச் சேருவதற்குள் சேபர்கள் திரும்பிவிட்டன.

மதியம் மூன்று மணி வாக்கில் மூன்றாவது முறை. நாலு நாட். மாஸி, அவருக்குத் துணையாக சோரஸ். கணபதி, அவருக்குத் துணையாக லாசரஸ். தரையில் ரேடாரைப் பார்த்து வழி சொன்னவர் பாக்சி என்ற இளம் அதிகாரி. சண்டை மொத்தமே சில நிமிடங்கள்தான். மாஸி ஒன்றைச் சுட்டார். கணபதியும் லாசரஸும் ஆளுக்கு ஒன்று. லாசரஸ் எவ்வளவு நெருங்கியிருந்தார் என்றால், சிதறிய சேபரின் துண்டுகள் அவர் விமானத்தின் மேலேயே வந்து விழுந்தன.

நாலு பேரும் பத்திரமாகத் திரும்பினார்கள். ஃபிலிம் கழுவப்பட்டது. கறுப்பு வெள்ளையில், புகையும் கலங்கலுமாக, நடுவில் ஒரு சேபர். அந்தப் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. மூன்று வெற்றி என்று அறிவித்தார்கள். மாஸி, கணபதி, லாசரஸ் மூவருக்கும் வீர் சக்ரா.

இந்தத் தடவை சாட்சி பலமாக இருந்தது. இரண்டு பாகிஸ்தான் பைலட்டுகள் பாராசூட்டில் இந்தியப் பக்கம் இறங்கிப் பிடிபட்டார்கள். ஒருவர் கலீல் அகமது. இன்னொருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. ஆனால் மூன்றாவது சேபர்? அது அடிபட்ட நிலையிலேயே டாக்கா தேஜ்காவ்ன் தளம் வரை பறந்து இறங்கிவிட்டது என்று பிறகு தெரியவந்தது.

ஃபிலிம் பொய் சொல்லவில்லை. குண்டு பட்டதைக் காட்டியது. ஆனால் விசையை விட்டதும் கேமரா நின்றுவிடும் என்று சொன்னேன் இல்லையா? அந்தச் சேபர் அப்புறம் எழுந்து வீட்டுக்குப் போனது ஃபிலிமில் இல்லை. ஃபிலிமில் இல்லாத இன்னொருவரும் உண்டு. சோரஸ். மாஸியின் பின்புறத்தில் யாரும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அவர் அந்த வேலையைச் செய்ததற்கு அடையாளம், மாஸி உயிரோடு திரும்பியதுதான். காவலுக்கு நிற்பவரை எந்தக் கன் கேமராவும் படம் எடுப்பதில்லை.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு இருக்கிறது. அன்று பிடிபட்ட குரேஷி விடுதலையாகி நாடு திரும்பினார். 1997-ல் பாகிஸ்தான் விமானப்படைத் தளபதியே ஆனார். அந்தச் செய்தி வந்தபோது லாசரஸ் அவருக்கு ஒரு வாழ்த்துக் கடிதம் எழுதினார். நாம் ஒருமுறை வானத்தில் சந்தித்திருக்கிறோம் என்று. பதில் வந்தது. நன்றி சொல்லி, அன்றைய இந்திய பைலட்டுகளின் திறமையைப் பாராட்டி. சுட்டவரும் சுடப்பட்டவரும் ஒரே சம்பவத்தை ஒத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி தோன்றவில்லை.

இனி நம்ம ஊர் கதை. 2019 பிப்ரவரி 27. அபிநந்தன் வர்த்தமான். குடும்பம் சென்னையில். அப்பாவும் விமானப்படை, ஏர் மார்ஷலாக ஓய்வுபெற்றவர். மணிரத்னத்தின் 'காற்று வெளியிடை' படத்துக்கு ஆலோசனை சொன்னவர். பாகிஸ்தானில் சிறைப்படும் ஒரு இந்திய பைலட்டின் கதை அது. படம் வந்து இரண்டு வருடத்துக்குள் அவர் மகனுக்கே அது நடந்தது.

அபிநந்தன் ஓட்டியது மிக்-21 பைசன். பாகிஸ்தானின் எஃப்-16 ஒன்றை அவர் வீழ்த்தினார், அப்புறம் அவர் விமானமும் வீழ்த்தப்பட்டது என்பது இந்தியாவின் நிலைப்பாடு. எந்த எஃப்-16-ம் விழவில்லை என்கிறது பாகிஸ்தான். இப்போ பெரியப்பாவின் கேள்வியைக் கேளுங்கள். எந்தக் கேமரா எடுத்தது?

எதுவும் கைக்கு வரவில்லை. ஏவுகணைச் சண்டையில் எதிரி பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். கண்ணுக்கே தெரியாத ஒன்றை எந்த லென்ஸ் பிடிக்கும்? அதோடு, அவர் மிக் எல்லைக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. அதில் என்ன பதிவாகியிருந்தாலும் அதுவும் விமானத்தோடு போய்விட்டது. விழுந்த மிக்கின் நாலு ஏவுகணைகளின் மிச்சங்களும் எங்களிடம் இருக்கின்றன, அவர் சுடவே இல்லை என்றது பாகிஸ்தான். ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு அமெரிக்கப் பத்திரிகை, பெயர் சொல்லாத அதிகாரிகளை மேற்கோள் காட்டி, பாகிஸ்தானின் எஃப்-16-கள் எண்ணப்பட்டன, ஒன்றும் குறையவில்லை என்று எழுதியது. ஏப்ரல் 8-ல் ஏர் வைஸ் மார்ஷல் ஆர்.ஜி.கே. கபூர் நிருபர்கள் முன்னால் ரேடார் படங்களைக் காட்டினார். ஒரு திரையில் ஒரு புள்ளி இருக்கிறது. சில நொடி கழித்து எடுத்த அடுத்த படத்தில் அந்தப் புள்ளி இல்லை.

1971-ல் புகைக்கு நடுவே ஒரு விமானம் தெரிந்தது. 2019-ல் ஒரு புள்ளி மறைந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரு சிலர்தான். நாம் எல்லாம் அவர்கள் சொல்வதை நம்ப வேண்டும், அல்லது நம்பாமல் இருக்க வேண்டும். இரண்டு அரசும் இன்று வரை தங்கள் நிலையிலிருந்து மாறவில்லை.

அபிநந்தனுக்கு வீர் சக்ரா வழங்கப்பட்ட நாள் 2021 நவம்பர் 22. போய்ரா சண்டை நடந்து சரியாக ஐம்பது வருடம். அதே பதக்கம். அன்று ஃபிலிம் இருந்தது, இன்று இல்லை. அதனால் இவர் வீரம் குறைந்துவிடுமா? பழைய மிக்கில் ஏறி, எதிரே வந்த கூட்டத்துக்குள் நேராகப் போனார். அதை நிரூபிக்கக் கேமரா தேவையில்லை. ஆனால் எஃப்-16 விழுந்ததா என்பது வேறு கேள்வி. அது ஆதாரத்தின் கேள்வி. நாம் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஆதாரம் கேட்டால் வீரத்தைச் சந்தேகப்படுகிறாய் என்கிறோம். வீரத்தைப் பாராட்டினால் ஆதாரம் வந்துவிட்டது என்று நினைக்கிறோம்.

அந்த வெற்றிடத்துக்குள்தான் வீடியோ கேம் நுழைகிறது. நிஜக் கேமரா கலங்கலாக, பாதியில் நின்று, ஒரு புள்ளியாகக் காட்டுவதை, கேம் முழுசாக, கலரில், சவுண்டோடு காட்டிவிடும். அதனால்தான் அது நமக்கு நிஜமாகத் தெரிகிறது. நான் அனுப்பிய வீடியோவில் எல்லாமே தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இனிமேல் ஒரு போர்க்காட்சி வந்தால் மூன்றே விஷயம் பாருங்கள். கேமரா எங்கே இருக்கிறது? அந்த இடத்தில் ஒரு கேமரா இருக்க முடியுமா? படம் நிற்கும் இடத்துக்கு அப்புறம் என்ன நடந்தது என்று யாருக்காவது தெரியுமா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் விரலை எடுத்துவிடுங்கள். கேள்விக்குறி போட்டு அனுப்பினாலும் அனுப்பியதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆவடிக்குப் போய் மாடிக்கு ஏறினேன். "ஸாரிக்கா" என்றேன். அக்கா காபி கொடுத்தார். "அவர் போன் ஆஃப்ல இருந்தது எங்களுக்குப் பழக்கம்தான் தம்பி. அந்த வீடியோவுக்கு அப்புறம்தான் பயமாயிடுச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

கீழே வந்தபோது பெரியப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முதல் பக்கத்தில் ஒரு போர் விமானத்தின் படம். பேப்பரை என் பக்கம் திருப்பி, விரலால் தட்டிக் காட்டினார்.

"இது யாரு எடுத்ததுன்னு கீழ போட்டிருக்கான் பாரு."

போட்டிருந்தது. நான் முதல் தடவையாகப் படத்துக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்தேன்.

உங்கள் குடும்ப குரூப்பிலும் இப்படி ஒரு பெரியப்பா இருந்தால், இந்த எபிசோடை முதலில் அவருக்கு அனுப்புங்கள்.